பஞ்சுவுக்குத் தலை இழுக்கிறது

மிருக வைத்தியரின் மேசையில் கிடந்ததைக் கதவடியில் நின்று பார்த்தபோது, வாசலில் போடுகிற கால் துடைக்கிற சாக்கு என்றுதான் நினைத்தேன். ஒரே துண்டு. சாம்பலும் மண்ணிறமும் கலந்த நிறம். உதவியாளர் அதைத் தூக்கிப் பிடித்தபோது முதுகின் வடிவம், நெஞ்சின் வடிவம், முன்னங்கால் வருகிற இரண்டு ஓட்டைகள் எல்லாம் அப்படியே இருந்தன, கழற்றிப் போட்ட சட்டை மாதிரி. அது பஞ்சுவின் மயிர்.

மேசையின் மற்ற அந்தத்தில் பஞ்சு கிடந்தது. மயக்க ஊசியில் கண் அரைவாசி திறந்தபடி, பாதியாகச் சுருங்கிப் போய். "கொழுத்த நாய்" என்று நாங்கள் பகிடி பண்ணுகிற நாயின் விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது. அக்குளில் தோல் சிவந்து ஈரமாக இருந்தது. வாலடியில் ஒரு புண். அதற்குள் புழு.

"இது ஒரு நாள் ரெண்டு நாளில வந்ததில்லை. எத்தனை மாசமாச் சீப்பு வைக்கேல்லை?" டொக்டர் கேட்டார்.

நானும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். மாசக்கணக்குச் சொல்ல எங்களிடம் ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுக்கு வந்த நாள் முதல் அந்த நாய்க்கு ஒருவரும் சீப்பு வைத்ததில்லை. அப்படி ஒரு வேலை இருக்கிறது என்பதே எங்களுக்குத் தெரியாது. அந்தக் கேள்விக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பஞ்சு உண்மையில் மாமி வீட்டு நாய். 2021இல், கொரோனா ஊரடங்கு நேரம், மச்சாள் ஒன்லைன் வகுப்போடு அறைக்குள்ளேயே கிடக்கிறாள் என்று மாமா கொழும்பில் சொல்லி எடுப்பித்த ஷிட்சுக் குட்டி. அது வந்த நாள் எங்கள் குடும்ப வட்ஸப் குறூப்பில் படத்துக்கு மேல் படம். அடுத்த வருஷம் நாட்டில் காசும் இல்லை, பெற்றோலும் இல்லை என்ற நிலை வந்தது. 2022 கடைசியில் மாமி குடும்பம் கனடாவுக்குப் போனது. "போய்ச் சேந்து ஒரு வீடு எடுத்தவுடன பஞ்சுவையும் எடுப்பிக்கிறம்" என்று மச்சாள் அழுதுகொண்டு சொன்னாள். நாய் அம்மம்மாவிடம் வந்தது. அம்மம்மா எங்களோடுதான் இருக்கிறா.

எங்கள் வீட்டில் அதற்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் நம்பினோம். காலையில் பாண், மத்தியானம் சோறும் மீனும். வருஷத்துக்கு ஒருக்கால் விசர்நாய்த் தடுப்பூசி. மாதத்தில் ஒருக்கால் கிணத்தடியில் வைத்துச் சவர்க்காரம் போட்டு முழுக வார்ப்போம். முழுகிவிட்டு வளவுக்குள் ஓடும், உதறும், தானாகக் காயும். ஞாயிற்றுக்கிழமையில் கனடாவில் இருந்து வீடியோ கோல் வரும். போனை அதன் முகத்துக்குக் கிட்டப் பிடிப்போம். "ஐயோ, எவ்வளவு சடைச்சு வளந்திட்டுது!" என்று மச்சாள் சந்தோஷப்படுவாள்.

சடைத்தது உண்மை. அதைத்தான் நாங்கள் வடிவு என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இடையில் அதன் குணம் மாறியது. தூக்கப் போனால் உறுமும். காதுக்குப் பின்னால் தடவினால் திரும்பிக் கவ்வ வரும். தம்பியின் கையை ஒருநாள் பதம் பார்த்தது. "வயசு போகப் போக விசராகுது", "சின்ன நாய்களுக்குத்தான் கோபம் கூட" என்று ஆளுக்கொரு விளக்கம் சொன்னோம். தொட்டால் கடிக்கிறது என்று தொடாமல் விட்டோம். தொடாமல் விட்டதால் இன்னும் மோசமானது. மாரி தொடங்கியபோது மணம் வந்தது. பின்னால் இலையான் மொய்த்தது. அம்மம்மாதான் சொன்னா: "பிள்ளை, அது கோவமில்லை. அதுக்கு உடம்பு நோகுது."

அம்மம்மாவின் விரல் மூட்டுகள் வீங்கியவை. சீப்புப் பிடிக்க அவவால் ஏலாது. ஆனால் எங்கள் வீட்டில் அந்த நாயைச் சரியாகப் பார்த்த ஒரே ஆள் அவ.

நான் சொல்ல வருவது இதுதான்: மயிர் நீண்ட சின்ன நாயைக் கண்ணால் பராமரிக்க முடியாது, கையால்தான் பராமரிக்கலாம். அதன் துப்புரவு ஆடம்பரம் இல்லை, அலங்காரம் இல்லை. சாப்பாடு, தண்ணி மாதிரி அதுவும் ஒரு அடிப்படைத் தேவை. அதைக் கொடுக்க ஏலாது என்றால் அந்த இனத்து நாயை வாங்கக்கூடாது. வாங்கியவர்கள், எங்களைப் போலத் தலையில் வந்து விழுந்தவர்கள், பழகத்தான் வேண்டும்.

முதலில், ஏன் இந்த நாய்க்கு மட்டும் இந்தப் பாடு? ரோட்டில் படுத்திருக்கிற ஊர்நாய்க்கு ஒருவரும் தலை இழுப்பதில்லை. அதன் மயிர் கட்டை. ஒரு அளவுக்கு வளரும், கொட்டும், புதிது முளைக்கும். உதறினால், மண்ணில் பிரண்டால், அதன் வேலை முடிந்தது. ஷிட்சுவின் மயிர் அப்படி இல்லை. மனிதத் தலைமயிர் மாதிரி நீண்டுகொண்டே போகும். கொட்டுகிற மயிரும் நிலத்தில் விழாமல் மற்ற மயிருக்குள் சிக்கிக்கொள்ளும். "இந்த நாய் மயிர் கொட்டாது, வீடு துப்புரவாக இருக்கும்" என்று விற்கிறவர்கள் சொல்லுகிறார்கள். கொட்டாத மயிர் எங்கே போகிறது என்று வாங்குகிறவர்கள் கேட்பதில்லை. அது நாயிலேயே தங்கிச் சிக்காகிறது. சிக்கு இறுகிச் சடையாகிறது.

சடை வெறும் சிக்கு இல்லை. ஒவ்வொரு அடிக்கும் அது தோலை இழுக்கும். உங்கள் தலைமயிரில் ஒரு பிடியை இறுக்கி முடிந்து, நாள் முழுக்க ஒருவர் இழுத்துக்கொண்டு திரிந்தால் எப்படி இருக்கும்? அக்குள், காதுக்குப் பின்பக்கம், கழுத்துப் பட்டிக்குக் கீழ், தொடை இடுக்கு, விரல் இடுக்கு, வாலடி. அசைவும் உரசலும் ஈரமும் உள்ள இடங்களில்தான் அது முதலில் கட்டும். அடியில் காற்றுப் போகாது. ஈரம் காயாது. தோல் அவிந்து புண்ணாகும். பின்பக்க மயிரில் மலம் ஒட்டினால் இலையான் முட்டை இடும். எங்கள் வெக்கைக்கு ஒரு நாளுக்குள்ளேயே அது புழுவாகிவிடும். மேலே பார்த்தால் பஞ்சுப் பொதி. கீழே இதெல்லாம்.

இதில் நாயின் பிழை ஒன்றும் இல்லை. ஷிட்சு என்ற சீனப் பெயருக்குச் "சிங்கநாய்" என்று அர்த்தம். திபெத்தில் இருந்து வந்த நாய்களின் வழியில் பெய்ஜிங் அரண்மனையில் வளர்க்கப்பட்ட இனம் என்று சொல்வார்கள். 1908இல் இறந்த பேரரசி சிக்சியின் அரண்மனையிலும் இந்த மாதிரி நாய்கள் இருந்தன. அங்கே நாயைப் பார்க்கவென்றே ஆட்கள் இருந்தார்கள். மடியில் இருக்கவும் வடிவாக இருக்கவும் மனிதர் தெரிந்தெடுத்து, தலைமுறை தலைமுறையாக இணைசேர்த்து உண்டாக்கிய உடம்பு அது. மனிதக் கை இல்லாமல் அந்த உடம்பு தன்னைத் தானே துப்புரவாக வைத்திருக்க முடியாது. அரண்மனையில் இருந்து நாயை மட்டும் எடுத்துக்கொண்டோம். அதைப் பார்த்த கைகளை எடுத்து வரவில்லை.

"குரூமிங்" என்ற சொல்லும் எங்களைப் பிழையான பக்கம் திருப்புகிறது என்று நினைக்கிறேன். பேஸ்புக்கில் தேடிப் பாருங்கோ. ரிபன் கட்டின நாய், சென்ற் அடிச்ச நாய், வாலுக்கு நிறம் பூசின நாய். பார்த்தவுடன் "இது காசுக்காரரின் விளையாட்டு" என்று கடந்துபோய்விடுகிறோம். நானும் அப்படித்தான் கடந்து போனேன். பஞ்சுவுக்குத் தேவைப்பட்டது ரிபன் இல்லை. ஒரு இரும்புச் சீப்பும் பத்து நிமிஷமும்.

அந்தப் பத்து நிமிஷத்தில் என்ன செய்கிறோம் என்று சொல்லுகிறேன். இப்படி ஒரு நாய் வைத்திருக்கிற ஆட்களுக்கு உதவும்.

பின்னேரம் விளக்கு வைக்கிற நேரம் பஞ்சுவை வாங்கில் ஏற்றுவோம். முதலில் சீப்பு இல்லை, கை. காதில் தொடங்கி வால் வரைக்கும் விரலைத் தோல் மட்டத்தில் ஓடவிட்டுப் பார்ப்போம். கட்டி, காயம், உண்ணி, சூடு, ஈரம் எல்லாம் விரலுக்குத்தான் முதலில் தெரியும். பிறகு கம்பிப் பிரஷ், அதற்குப் பிறகு இடைவெளி விட்ட இரும்புச் சீப்பு. மேலால் மட்டும் வாரினால் மேல் மயிர் மினுங்கும், அடி மயிர் சடையாகவே கிடக்கும். அதனால் மயிரை வகிடு வகிடாகப் பிரித்து, அடியில் இருந்து வார வேண்டும். சீப்பு தடைப்படாமல் தோலில் இருந்து நுனி வரை போனால் அந்த இடம் முடிந்தது.

சிக்குக் கண்டால் அடி மயிரை மற்றக் கையால் பிடித்துக்கொண்டு, நுனியில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக மேலே வர வேண்டும். சின்ன வயதில் அம்மா எங்களுக்குத் தலை இழுத்தது அப்படித்தான். கொஞ்சம் சோள மா தூவினால் விரலுக்கு வழுக்கிப் பிரியும். கத்தரிக்கோலை மட்டும் அவசரப்பட்டு எடுக்காதீங்கோ. சடை இழுக்கிற இழுவையில் தோலும் அதற்குள் மடிந்து நிற்கும். மயிரை வெட்டுகிறோம் என்று தோலை வெட்டிவிடுவோம். கையால் பிரியாத சடையை வைத்தியரிடமோ பழகின ஆளிடமோதான் மெசினால் எடுப்பிக்க வேண்டும்.

நாங்கள் செய்த பெரிய பிழை முழுக வார்ப்பில் இருந்தது. சிக்கோடு நனைத்தால் சிக்கு கம்பளி மாதிரி இறுகும். அதை நாங்கள் மாதா மாதம் ஒழுங்காகச் செய்தோம்! துப்புரவு என்று நினைத்து நாங்களே அந்தச் சாக்கை நெய்திருக்கிறோம். முதலில் சிக்கெடுக்க வேண்டும், பிறகுதான் தண்ணி. இன்னொன்று, யாழ்ப்பாணத்துக் கிணத்துத் தண்ணி சுண்ணாம்புத் தண்ணி. சவர்க்காரம் லேசில் நுரைக்காது. அதில் சவர்க்காரம் திரிந்து பசை மாதிரி மயிரில் ஒட்டும். நாயின் தோலும் எங்கள் தோல் மாதிரி இல்லை, மெல்லியது, அமிலத்தன்மை குறைந்தது. எங்கள் சவர்க்காரமும் ஷாம்பூவும் அதைக் காயவைத்துச் சொறிச்சல் உண்டாக்கும். இப்போது மூன்று நாலு கிழமைக்கு ஒருக்கால், நாய்க்கென்று விற்கிற ஷாம்பூவைத் தண்ணியில் கரைத்துப் போடுகிறோம். போதும் என்று நினைத்த பிறகும் இன்னும் இரண்டு வாளி ஊற்றி அலசுகிறோம். காதுக்குள் தண்ணி போகாமல் பார்க்கிறோம்.

அலசுவதை விடக் காயவைப்பது முக்கியம். துவாயால் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் மறுபடியும் சிக்கு. ஒத்தி எடுத்து, காற்றாடிக்குக் கீழே வைத்து, சீப்பால் பிரித்துப் பிரித்துக் காயவைக்க வேண்டும். ஈரத்தோடு வளவுக்கு விட்டால் பங்கசுப் புண் வரும். மாரியில் இரட்டிப்புக் கவனம்.

முகம் தனிக் கதை. தட்டை மூக்கு, ஆழமில்லாத கண்குழி. கண் வெளியே தள்ளி நிற்பதால் மயிர் நுனி உரசிக்கொண்டே இருக்கும், கருவிழியில் புண் வரும். கண்ணுக்கு மேல் மயிரைக் கட்டையாக வைத்திருக்கிறோம். தினமும் கொதித்தாறின தண்ணியில் மெல்லிய துணியை நனைத்துக் கண் பீளையைத் துடைக்கிறோம். ஒரு கண்ணை மட்டும் சுருக்கினால், கண் மங்கலாகத் தெரிந்தால், நாளைக்குப் பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. அன்றைக்கே வைத்தியரிடம் போக வேண்டும். காது தொங்கல் காது, உள்ளே மயிர், காற்றோட்டம் இல்லை. கிழமைக்கு ஒருக்கால் மணந்து பார்க்கிறோம். சிரிக்காதீங்கோ, மணம்தான் முதல் அடையாளம். தெரிகிற இடத்தை மட்டும் துடைக்க வேண்டும். காதுக் குச்சியை உள்ளே விட்டால் ஊத்தையைத் தள்ளி அடைப்பதுதான் நடக்கும்.

பல்லைப் பற்றி ஒருவரும் எங்களுக்குச் சொன்னதில்லை. சின்ன வாய்க்குள் பற்கள் நெருக்கி நிற்பதால் இந்த இனங்களுக்கு முரசு நோய் வேகமாக வரும். நாய்க்கான பற்பசையும் மெல்லிய பிரஷும் போதும். எங்கள் பற்பசையைப் பாவிக்கக் கூடாது. நாய் அதைத் துப்பாது, விழுங்கும். சிலவற்றில் இருக்கிற சைலிட்டோல் என்ற இனிப்பு நாய்க்கு நஞ்சு. நகம் மாதத்துக்கு ஒருக்கால். சீமெந்து நிலத்தில் நடக்கும்போது டிக் டிக் என்று கேட்டால் வெட்டுகிற நேரம் வந்துவிட்டது. நகத்துக்குள் இரத்தக் குழாய் ஓடுகிறது. கறுப்பு நகத்தில் அது வெளியே தெரியாது. அதனால் நுனி நுனியாகத்தான் வெட்ட வேண்டும். பாதத்துக்குக் கீழேயும் வாலடியிலும் மயிரைக் கட்டையாக வைத்தால் மண்ணும் மலமும் ஒட்டாது. புழு வருகிற வழியே அதோடு அடைபடும்.

உண்ணியைச் சொல்லாமல் விட முடியாது. எங்கள் ஊரில் நாய்களில் சாதாரணமாகக் காண்கிற மண்ணிற உண்ணி உண்ணிக் காய்ச்சலைக் கொண்டுவரும். சாப்பாடு வேண்டாம் என்று படுக்கும், முரசு வெளிறும், சிலதுக்குச் சிறுநீர் தேத்தண்ணி நிறத்தில் போகும். கவனிக்காவிட்டால் சாகும். இரத்தம் குடித்து வீங்கின உண்ணி நாயில் இருந்து விழுந்து, சுவர் வெடிப்பில் ஆயிரக்கணக்கில் முட்டை போடும். அதனால் நாயில் பிடுங்கினால் மட்டும் காணாது, படுக்கிற இடத்தையும் சுவர் மூலையையும் துப்புரவாக்க வேண்டும். பிடுங்கும்போது சாவணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுக்க வேண்டும், விரலால் நசுக்கக் கூடாது. மண்ணெண்ணெய் பூசுவது, தோட்டத்துக்கு அடிக்கிற மருந்தைக் கலக்கித் தெளிப்பது எல்லாம் எங்கள் பக்கம் நடக்கிற விஷயம். நாய் தன் உடம்பை நக்கும். அந்த நஞ்சு முழுக்க வயிற்றுக்குள் போகும். உண்ணி மருந்து நாயின் நிறையைப் பார்த்துக் கொடுக்கிறது. வைத்தியரைக் கேட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

இவ்வளவும் வாசித்துவிட்டு "இது நடக்கிற காரியமா?" என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டிலும் கேட்டார்கள். நான் வாங்கிலில் சீப்போடு இருப்பதைப் பார்த்து அயல் வீட்டு ஆச்சி மதிலுக்கு மேலால் சொன்னா: "உன்ர தலையை முதல் இழு பிள்ளை, பிறகு நாய்க்கு இழுக்கலாம்." அது பகிடி. பெரியப்பா சொன்னது பகிடி இல்லை. "சனம் மருந்துக்குக் காசில்லாமல் இருக்குது, உங்களுக்கு நாய்க்கு ஷாம்பூவோ?"

அந்தக் கேள்வியை நான் தட்டிக் கழிக்க மாட்டேன். 2022இல் பால்மா வரிசையில் நின்ற ஆட்கள் நாங்கள். அந்த வலி தெரியும். ஆனால் கணக்குப் பார்த்தேன். சீப்பும் பிரஷும் ஒருமுறைச் செலவு. ஷாம்பூ ஒரு போத்தல் பல மாதம் வருகிறது. உண்ணி மருந்துதான் கொஞ்சம் கூட. இவ்வளவையும் சேர்த்தாலும், அன்றைக்கு மயக்க ஊசி, மெசின், புண் மருந்து, அன்ரிபயோற்றிக் என்று ஒரே நாளில் கட்டின பில்லுக்குக் கிட்ட வராது. தட்டை மூக்கு நாய்களுக்கு மயக்க ஊசி ஆபத்துக் கூட என்று டொக்டர் முதலே சொல்லித் தம்பியிடம் கையெழுத்து வாங்கினார். அந்த ஒரு மணித்தியாலம் வெளியே இருந்து அம்மம்மாவுக்கு என்ன சொல்லுவது என்று யோசித்ததற்கு விலை இல்லை. பராமரிப்புக்குப் பெரிய காசு தேவையில்லை. கவனிக்காமல் விட்டால்தான் காசு போகும்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். மயிரை வெட்டுங்கோ. ஷிட்சுவுக்கு நிலத்தைத் தொடுகிற மயிர் தேவையே இல்லை. அது போட்டிக்கு நிற்கிற நாய்க்கு உரியது. இரண்டு மாதத்துக்கு ஒருக்கால் ஒரு அங்குல அளவுக்குக் கட்டையாக வெட்டினால் வேலை பாதியாகும், தோல் காயும், உண்ணி கண்ணுக்குத் தெரியும். "பஞ்சுவை இப்பிடி மொட்டையாக்கிப் போட்டியளே" என்று மச்சாள் கோலில் அழுதாள். நான் அவளுக்குச் சொன்னது, "நீ பாக்கிறதுக்கு அது மயிர் வளக்கத் தேவையில்லை." கொஞ்சம் கடுமையாகச் சொல்லிவிட்டேன். ஆனால் அந்த நீள மயிர் யாருக்காக என்ற கேள்வி நியாயமான கேள்விதான்.

ஒரு எச்சரிக்கை. எல்லாச் சடைநாய்க்கும் இது பொருந்தாது. பொமரேனியனுக்கு உள்மயிர், வெளிமயிர் என்று இரண்டு அடுக்கு. "வெக்கைக்கு நல்லது" என்று தோலோடு வழித்தால் சிலதுக்கு மயிர் திரும்பச் சரியாக வளராது, வெயிலும் நேரே தோலில் படும். நாய்கள் எங்களைப் போலத் தோலால் வேர்ப்பதில்லை, இளைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். பொமரேனியனுக்குத் தேவை நிழலும் தண்ணியும் ஒழுங்கான சீப்பும்தான். உங்கள் நாய் எந்த இனம், அதன் மயிர் எந்த வகை என்று தெரியாமல் கத்தரி வைக்காதீங்கோ.

கடைசியாக, இந்த வேலையை யார் செய்கிறது என்ற விஷயம். படம் எடுக்க வீட்டில் எல்லாரும் வருவார்கள். பீளை துடைக்க ஒருவரும் வரமாட்டார்கள். பெரும்பாலும் அது அம்மாவின், அம்மம்மாவின் தலையில் விழும், வீட்டில் மற்ற வேலைகள் விழுகிற மாதிரியே. நாயை வாங்கின ஆள் ஒருவர், ஆசைப்பட்ட ஆள் இன்னொருவர், விட்டுப்போனது எல்லாரும். கடைசியில் மூட்டு வீங்கின கையோடு ஒரு கிழவி. எங்களைப் போல எத்தனை வீட்டில் வெளிநாடு போன பிள்ளைகளின் நாயோடு வயதுபோன ஆட்கள் இருக்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கோ. அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. அதே வீட்டில் இருந்த எனக்கு இரண்டு கையும் நல்லாத்தான் இருந்தது.

இப்போது எங்கள் வீட்டில் முறை வைத்திருக்கிறோம். திங்கள், புதன், வெள்ளி நான். மற்ற நாள் தம்பி. "ஆம்பிளைப் பிள்ளை நாய்க்குத் தலை இழுக்குது" என்று அவனுடைய சிநேகிதர்கள் கொஞ்ச நாள் நக்கலடித்தார்கள். பிறகு ஒருவன் தன் வீட்டுப் பொமரேனியனைத் தூக்கிக்கொண்டு வந்து, "மச்சான், இதின்ர காதுக்குப் பின்னால ஒருக்காத் தடவிப் பார்" என்றான். சின்னப் பாக்கு அளவில் ஒரு சிக்கு இருந்தது. அன்றைக்கே எடுத்துவிட்டோம்.

பஞ்சுவின் நம்பிக்கை திரும்ப வர ஐந்தாறு மாதம் எடுத்தது. முதல் கிழமைகளில் சீப்பைக் கண்டாலே வாங்கிலுக்குக் கீழே ஒளியும். ஒரு நிமிஷம் மட்டும் இழுத்து, ஒரு மீன் துண்டு கொடுத்து விடுவோம். பிறகு இரண்டு நிமிஷம். இப்போது காதுக்குப் பின்னால் சீப்பு போகும்போது கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சாய்க்கிறது. உறுமிக் கடிக்க வந்த அதே இடம்.

குட்டி வாங்க யோசிக்கிற ஆட்களிடம் ஒன்று கேட்கிறேன். விலையை விசாரிக்க முதல், அடுத்த பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு ஒவ்வொரு நாளும் பத்து நிமிஷம் யாருடையது என்று வீட்டில் இருந்து பேசுங்கோ. பேர் சொல்லிப் பேசுங்கோ. பேர் வராவிட்டால் ஒரு ஊர்நாய்க் குட்டியை எடுங்கோ. அதற்கு அன்பும் ஊசியும் சாப்பாடும் காணும், மயிரை அது பார்த்துக்கொள்ளும்.

ஏற்கனவே சடைநாய் இருக்கிற வீடு என்றால், இதை வாசித்து முடித்த கையோடு போய் அதன் அக்குளுக்குள் விரலை விட்டுப் பாருங்கோ. உறுமினால் கோபித்துக்கொண்டு வந்துவிட வேண்டாம்.